நாலு மணி ஈரம்

வீட்டுக்குள் இருந்த அந்த நீச்சல் குளத்தை வற்றவிட்டு ஆறு மாதமாகிறது. ஒரே மகள் மூன்று நாள் காய்ச்சலில் போன பிறகு அதில் இறங்க ஆளில்லை. ஆனாலும் தினமும் நாலு மணி ஆனால் போதும், ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது, கண்ணாடியெல்லாம் வியர்த்தது.

மெக்கானிக் ஈரம் உறிஞ்சும் மெஷினைப் பிரித்துப் பார்த்தான். சுவர், குழாய் எங்கும் கசிவில்லை.

“மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. இவ்வளவு ஈரம் எங்கேருந்து வருதுன்னுதான் புரியல.”

“அவ ஸ்கூல் விட்டு வந்து நீந்துற நேரம் தம்பி அது,” என்றாள் தாய். “கோளாறு இல்லைன்னு உங்க வாயால கேட்கத்தான் கூப்பிட்டேன். மெஷினை நிறுத்திடுங்க.”

அவன் சுவிட்சை அணைத்தான்.

வாசலில் திரும்பிப் பார்த்தான். காலிக் குளத்தின் விளிம்பில் தாய் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். துண்டு மெல்ல நனைந்துகொண்டிருந்தது.