பேர் போட்டாத்தான் லாரி கிளம்பும்

"ஏத்தாதீங்க! ஏத்தினதையும் இறக்குங்க!"

லாரியை மறித்துக்கொண்டு நின்ற மைத்துனியைப் பார்த்ததும் தொழிற்சாலை மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெட்டிகளில் இருந்தவை காது மிஷின்கள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போகிறவை. அவற்றைச் செய்ய வரைபடம் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்.

"என்னம்மா, ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல அத்தான். பேர் எங்கே?"

"எந்தப் பேர்?"

"வரைபடத்துக்கு அடியில 'மண்புழு'ன்னு இருந்துச்சே. மிஷின்ல காணோமே!"

பெட்டி தூக்கியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"காதுல மாட்டுற சாமான்ல புழுன்னு எழுதினா எந்தப் பிள்ளை மாட்டும்? நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அத்தான், இந்த வரைபடத்தை யார் வேணா எடுத்துச் செய்யலாம், மாத்தலாம், விக்கலாம். அனுமதிகூடக் கேக்க வேண்டாம். அந்தப் பேர் மட்டும் இருக்கணும். லைசென்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு. பேரை எடுத்துட்டா, நீங்க இதைச் செய்யறதே தப்பு."

"ஒரு பேருக்காகவா இவ்வளவு ரகளை?"

"ஆமா, பேருக்காகத்தான்."

லாரியின் பின்கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மேனேஜர் தள்ளிப் போய் மனைவிக்கு போன் போட்டார். "உன் தங்கச்சிக்குப் பேராசை இல்ல, 'பேர்' ஆசை! அதுலயும் ஒரு புனைபெயர் வேற!"

"சின்ன வயசுலயே போட்டோ எடுத்தா முன்னாடி வந்து நிப்பா. போட்டுத் தொலைங்க, விடமாட்டா."

முதலாளி வக்கீலைக் கேட்டார். வக்கீலும் அவள் பக்கமே பேசினார். வேறு வழியில்லை. பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு மிஷினிலும் பேரைப் பொறித்தார்கள். முணுமுணுத்தவர்களோடு அவளும் உட்கார்ந்து பிரித்தாள், துடைத்தாள், திரும்ப அடுக்கினாள்.

சாயங்காலம் லாரி கிளம்பியது. மேனேஜர் அவளிடம் டீயை நீட்டினார்.

"இப்போ திருப்தியா? எத்தனை பிள்ளைங்க காதுல இனிமே உன் பேர்!"

அவள் விழித்தாள்.

"என் பேரா? மண்புழு நான்னு நெனச்சீங்களா?" சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது.

"பின்னே யாரு?"

"யாரோ! வரைபடத்தை நெட்டுல போட்டு, எல்லாரும் எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வேர்வை பட்டாலும் கெடாதபடி மூடியை மாத்தினது மட்டும்தான் நான். அந்த மாத்தத்தையும் நெட்டுல போட்டுட்டேன்."

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடையில விக்கிற மிஷினை நாங்க வாங்க முடியுமா? உங்களுக்குத்தான் தெரியுமே. அந்தப் படத்தைப் பார்த்து ஒண்ணு செஞ்சு என் குட்டிப் பையனுக்கு மாட்டினேன். பின்னாடி நின்னு கூப்பிட்டேன் அத்தான். திரும்பிப் பார்த்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மண்புழுவைத் தேடாத இடமில்ல. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல. நன்றி சொல்ல எனக்கு வேற விலாசம் இல்ல."