சன்ஷேடுக்கு அடியில் ஒரு கீற்று

கட்டப்போகும் வீடு ஒன்றின் படம் இன்ஜினியரின் கம்ப்யூட்டரில் தயாராகிக்கொண்டிருந்தது. படத்துக்குள் வெளிச்சமும் நிழலும் குடியிருந்தன. அழகுக்காக ஒட்டிய நாய் ஒன்று கேட்டருகே படுத்திருந்தது.

"வீட்டுக்காரர்கள் மத்தியானம் பார்க்க வருகிறார்கள். நீ இருந்தால் வீடு அழுதுவடியும். கிளம்பு" என்றது வெளிச்சம்.

"போகமாட்டேன்" என்றது நிழல்.

வெளிச்சம் தன்னைக் கூட்டிக்கொண்டே போனது. படிகள் வெளுத்துச் சுவரோடு கலந்தன. தூண் காணாமல் போனது. நிழல் சுருங்கிச் சுருங்கி, வாசலுக்கு மேலிருந்த சன்ஷேடுக்கு அடியில் ஒரு கீற்றாக ஒட்டிக்கொண்டது.

"இனி இம்மியளவும் நகரமாட்டேன்."

"கிட அங்கேயே" என்ற வெளிச்சம் நாயைக் கேட்டது, "இப்போது வீடு எப்படி?"

நாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடியது. "வீடு எங்கே?"

கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி குடையை மடக்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, திரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கீற்றின்மேல் விரலை வைத்து இன்ஜினியரிடம் சொன்னாள்.

"இதை மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் கொடுங்க. சாயந்திரம் வரைக்கும் நாற்காலி போட்டு உட்காரலாம்."

அவள் விரலை எடுப்பதற்குள் நாய் அங்கே போய்ப் படுத்துவிட்டது.