வரிசையை விட்டு வாங்கோ அக்கா

“அக்கா, வரிசையை விட்டு ஒருக்கா வெளிய வாங்கோ.”

அருமைநாதனின் குரலைக் கேட்டதுமே யோகேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாநகரசபைத் தேர்தல் அடுத்த ஞாயிறு. அன்றைக்கு வரமுடியாதவர்கள் இந்த ஞாயிறே வோட்டுப் போடலாம். கார்ட்டியர்வில் பள்ளிக்கூட மண்டபத்தில் அதற்கென்று போட்டிருந்ததோ ஒரேயொரு மேசை. வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் நின்றது. அலுத்துப்போய்த் திரும்பிய ஒவ்வொரு தமிழ் முகத்தையும் பார்த்து யோகேந்திரன் வயிறெரிந்துகொண்டிருந்தான். பின்னே, நம்மட ஆள் இரவிச்சந்திரன் அல்லவா போட்டியிடுகிறார்!

வான் வண்டியில் ஆட்களை ஏற்றி இறக்குவது யோகேந்திரனின் பொறுப்பு. திரேசம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டி வந்திருந்தான். அவருடைய கணவர் தேவதாசன் அங்கே கொஞ்ச நாளாகப் படுக்கையில். “ஒரு மணித்தியாலத்தில திருப்பிக் கொண்டுவந்து விடுவன்” என்று சொல்லித்தான் அவரை அந்தக் கட்டிலடியிலிருந்து எழுப்பினான். போன மணித்தியாலங்களை இப்போது எண்ணாமல் இருப்பதே நல்லது.

அருமைநாதன் மற்றக் கட்சி. ஒரு வெள்ளைக்காரிக்காக வீடுவீடாகப் போய் வோட்டுக் கேட்கிற தமிழன். ‘கோடரிக்காம்பு’ என்பதுதான் யோகேந்திரன் அவனுக்கு வைத்திருந்த பெயர்.

“ஏன் தம்பி, என்ன விசயம்?” என்றார் திரேசம்மா.

“அண்ணையைப் பாக்கப் போனனான். உங்களை ஒருக்கா வரட்டாம்.”

திரேசம்மாவின் முகம் மாறிவிட்டது. “அவருக்கு ஏதும்...?”

“சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை. சும்மாதான் கேட்டவர். நீங்கள் வாங்கோ, என்ர கார் வெளியில நிக்குது.”

யோகேந்திரன் நடுவில் புகுந்தான்.

“ஒண்டுமில்லை எண்டு அவரே சொல்லுறார், பேந்தென்ன அவசரம்? காலமை நானும் பாத்தனான்தானே, கண்ணை முழிச்சுக் கதைச்சவர். நில்லுங்கோ அக்கா, உங்கட முறை வரப்போகுது.”

“யோகேந்திரன், ஒரு நிமிசம் இஞ்சால வாரும், ஒரு கதை.”

“உம்மட கதை ஒண்டும் எனக்கு வேண்டாம். வோட்டைக் குறைக்கிற வேலையை வேற எங்கையாவது போய்ப் பாரும்!”

இந்தத் தந்திரம் யோகேந்திரனுக்குப் புதிதல்ல. காலையில் அருமைநாதனின் ஆள் ஒருவர் வரிசையில் நிற்க, “ஐயா, உங்கட மனிசி தேடுறா, கெதியா வீட்டை போங்கோ” என்று பதறப்பதறப் பொய் சொல்லி அனுப்பிவைத்தவனே யோகேந்திரன்தான். தன் சரக்கைத் தன்னிடமே விற்க வருகிறானா இவன்!

அருமைநாதனின் மேலங்கியில் கட்சிச் சின்னம் குத்தியிருந்தது யோகேந்திரனின் கண்ணில் பட்டது. வோட்டுப் போடுகிற இடத்தில் அது கூடாது. தன்னுடையதை யோகேந்திரன் வாசலிலேயே கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டிருந்தான், அவன் கெட்டிக்காரன். உடனே மேசைக்காரியிடம் ஓடினான்.

“மடம், இந்த ஆள் சின்னத்தோட நிண்டு வோட்டுப் போட வந்தவையை மறிக்கிறார்.”

அவ்வளவுதான். அருமைநாதன் சின்னத்தைக் கழற்றியும் பயனில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் திரேசம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க அதை எப்படிச் சொல்வது? அப்படியே போய்விட்டான்.

யோகேந்திரனுக்குத் தேர்தலிலேயே வென்றுவிட்ட சந்தோஷம்.

திரேசம்மா வோட்டைப் போட்டுவிட்டு வர, வாசலில் அருமைநாதன் மழையில் நனைந்தபடி நின்றான். குடைகூட இல்லை.

“கெதியாக் கொண்டுபோம்” என்றான் யோகேந்திரனிடம்.

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் யோகேந்திரனுக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் ‘ஒண்டுமில்லை, சும்மாதான்’ என்று சொல்லி எந்தெந்த வீடுகளுக்குக் கூட்டிப்போவார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா? தன் தகப்பன் போன அன்றும் அவனை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். வானை விரட்டினான்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரேசம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது என்பதால் நேர்ஸ் யோகேந்திரனிடம்தான் சொன்னாள். உயிர் போனது இப்போதுதானாம், கொஞ்சம் முந்தித்தானாம். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

யோகேந்திரன் அதைத் தமிழில் சொல்லவில்லை. பின்னாலேயே வந்துவிட்ட அருமைநாதனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

திரேசம்மா கணவரின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். “நான் பக்கத்தில இல்லாமல் போனனே, என்ர ராசா” என்று அவர் அழுததை அந்த நேர்ஸ்கூட நின்று பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

பிறகு திரேசம்மா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

“தம்பி அருமைநாதன், அவர் கேட்டவர் எண்டு வந்து சொன்னனீர். நான் அப்பவே வந்திருந்தால்... உயிரோட கண்டிருப்பனோ?”

யோகேந்திரன் சுவரோரம் ஒதுங்கினான். அருமைநாதன் உண்மையைச் சொல்லப்போகிறான். சொல்லட்டும், அவன் சொன்னால் அது நியாயம்தான். இந்த மனுசியின் முகத்தில் இனிச் சாகும்வரை விழிக்க முடியாது.

அருமைநாதன் திரேசம்மாவின் பக்கத்தில் குந்தினான். ஈரமேலங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இல்லை அக்கா. நான் அங்கயிருந்து வெளிக்கிடேக்கையே அண்ணை கண்ணை மூடீட்டார். வரிசையில வைச்சு உங்களைக் கதறவிடக்கூடாது எண்டு நானும் யோகேந்திரனும்தான் சொல்லாமல் விட்டனாங்கள்.”