படிக்காமல் அழித்தது

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்தே தென்னரசு, வேலைக்குப் போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். நேற்று மாலை கோபத்தில், "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், வேலையும் வேணாம்" என்று மேனேஜருக்கு மெசேஜ் தட்டிவிட்டுப் போனை அணைத்தவன், இன்னும் திறக்கவில்லை.

விழுப்புரம் பார்சல் ஆபீஸில் மேனேஜர் சவுரிராயன் நிமிர்ந்தார். "இன்னா அனுப்பின நீ? ஏதோ வைரஸ் மெசேஜ் சுத்திக்கினு கீதாம். வந்து விழுந்தாலே ஆப் படுத்துக்குது, ஒரே பேஜாரு. எல்லாத்தையும் படிக்காமலே அழிச்சிட்டேன்."

"ஒண்ணுமில்ல சார். லீவு கேட்டேன். இப்ப வேணாம்."

"அப்ப ஜல்தியா லோடை இறக்கு."

அந்த வைரஸுக்கு மனசார நன்றி சொல்லிக்கொண்டே தென்னரசு போனைத் திறந்தான். மெசேஜை அழிக்க விரல் வைத்தபோதுதான் பக்கத்தில் இரண்டு நீல டிக்கைப் பார்த்தான். படித்த நேரம், நேற்று மாலை ஆறு பத்து.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து, சவுரிராயன் வருவதற்குள் ஒரு லாரி லோடை இறக்கி முடித்திருந்தான்.