ஒரு கோபுரம், இரண்டு கம்பெனி

"யாரைக் கேட்டு எங்க லைனை அணைச்சே?"

வந்த வேகத்தில் போன் கம்பெனி அதிகாரிக்குக் குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை. செல்போன் டவரின் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

விளம்பரத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் இரண்டு கம்பெனிகளும் இங்கே ஒரே டவர், ஒரே ஜெனரேட்டர், ஒரே பேட்டரியில்தான் குடித்தனம். காலையில் பெய்த மழையில் கரண்ட் போய்விட்டது. ரோடெல்லாம் வெள்ளம். டீசல் வண்டியும் வரவில்லை.

"பேட்டரி மட்டும்தான் சார் மிச்சம். ரெண்டு லைனும் ஓடினா ஒரு மணி நேரத்துல ரெண்டும் படுத்துடும். ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"அப்போ அவங்களோடதை அணைக்க வேண்டியதுதானே?"

"வெள்ளத்துல ஜனங்களை மீட்கப் படகு எடுத்துட்டுப் போனாங்களே, அவங்க எல்லார் கையிலயும் அந்தக் கம்பெனி போன்தான் சார்."

"என் காதுல பூ சுத்தாதே! உன் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருக்காளாமே? டீக்கடையில விசாரிச்சுட்டுத்தான் வரேன். உனக்குப் போன் வரணும்னு எங்க வயித்துல அடிச்சிருக்கே. இன்னிக்கே எழுதி அனுப்பறேன். வேற வேலை பாத்துக்கோ!"

காவலாளியின் முகம் வாடிவிட்டது. பாவம், மனுஷர் அப்போதும் ஆஸ்பத்திரி இருக்கும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக டீசல் வண்டி வந்து சேர்ந்தது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. யாரையும் நம்பாத அதிகாரி, தானே போய்த் தன் கம்பெனி ஸ்விட்சைப் போட்டார்.

இரண்டே நிமிஷம். காவலாளியின் போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"மாமா! எங்க போயிட்டீங்க? பொண்ணு பொறந்து மூணு மணி நேரமாச்சு! தாயும் சேயும் நல்லா இருக்காங்க. உங்களுக்கு அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு. லைனே கிடைக்கல!"

காவலாளி அழுதுகொண்டே சிரித்தார்.

"இப்பதான் மாப்ள சிக்னல் வந்துச்சு. அவளைப் பத்திரமா பாத்துக்குங்க, இதோ வரேன்."

அதிகாரிக்கு வார்த்தை தடுமாறியது. "ஐயா... உங்ககிட்ட இருக்கிறது..."

"உங்க கம்பெனி சிம்தான் சார். எங்க குடும்பத்துக்கே அதுதான்."