படி ஆகாத காணி

“எல்லாம் திறம், மிஸ். ஆனா அந்தப் படி மட்டும் வேண்டாம்” என்றான் சுஜிதன்.

சூம் திரையின் இந்தப் பக்கத்தில் நிசாந்தினி தன் வரைபடத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

கட்டடக் கலை படித்து முடித்து அவள் தன் பெயரில் வரைந்த முதல் கட்டடம் அது. பள்ளிக்கூடப் பாடங்களைக் கைபேசியில் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் கொம்பனி. உருத்திரபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, இப்போது கிளிநொச்சியில் சொந்தக் காணி வாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கொம்பனியின் பெயர் ‘படி’.

“ரோட்டால போற சனம் பார்த்த உடனேயே, இது ‘படி’ எண்டு சொல்லவேணும்” என்று கேட்டவன் கொம்பனியை நடத்தும் இதே சுஜிதன்தான்.

அவள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டாள். படி என்றால் படிப்பு, படி என்றால் படிக்கட்டு! கட்டடத்தின் முழு அகலத்துக்கும் பன்னிரண்டு படி வரைந்தாள். படிக்கு ஓர் எழுத்து. ‘அ’வில் கால் வைத்து ஏறினால் ‘ஔ’வில் கதவு. வரைந்து முடித்த அன்று சந்தோசத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

“‘படி’க்குப் படி வேண்டாமோ? ஏன்?”

“அந்தக் காணிக்குப் படி ஆகாதாம். சாத்திரியார் சொல்லிப்போட்டார்.”

“சாத்திரியாரோ?”

“ஓம். மனையடி சாத்திரம்.”

செயற்கை நுண்ணறிவைப் பற்றி மணிக்கணக்கில் கதைக்கிற மனுசன் சொல்கிற கதையா இது!

“அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ!” என்று இன்னொரு சதுரத்திலிருந்து கத்தினாள் கம்சா. கொம்பனியின் படங்களும் நிறங்களும் அவள் பொறுப்பு. வரைபடத்தைக் காட்டியதும் முதலில் கை தட்டியவளும் அவள்தான். “நாங்கள் ரெண்டு பேரும் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், எங்களுக்குச் சாத்திரமும் இல்லை, சாத்திரியாரும் இல்லை. அக்கா, படியை விடாதேங்கோ. நான் உங்கட பக்கம்!”

சுஜிதன் அசையவில்லை. நிசாந்தினி அன்று பின்னேரம் வட்ஸ்அப்பில் பேரம் பேசிப் பார்த்தாள்.

“ஆறு படி?”

“வேண்டாம், மிஸ்.”

“மூண்டு?”

“அரைப் படியும் வேண்டாம்.”

கம்சாவுக்கு எழுதி அவனைத் திட்டித் தீர்த்தாள். இரண்டு பேரும் அதற்குள் நல்ல கூட்டாளிகள். ஒருத்திக்குச் சொன்னது ஐந்து நிமிடத்தில் மற்றவளுக்குத் தெரியும். கம்சா எழுதினாள்: “நேர வந்து சண்டை பிடியுங்கோ, அக்கா. இப்ப விட்டால் அந்தப் படி பிறகு வராது.”

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம். வெள்ளை றெஜிபோம் அட்டையை வெட்டி ஒட்டிக் கட்டடத்தின் மாதிரி ஒன்றைச் செய்து, மடியில் வைத்தபடி நெடுங்கேணியில் பஸ் ஏறினாள். படி இல்லையென்றால் நானும் இல்லை என்று சொல்லிவிடுவது. முதல் கட்டடம் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. சாத்திரியார் வந்து வரைந்து கொடுக்கட்டும்!

உருத்திரபுரத்து வாடகை வீட்டின் வாசற்படிகளை மறைத்து ஒரு நீளப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேசன் வேலை நடக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே ஏறிப் போனாள்.

“அக்கா! வந்திட்டீங்களோ!”

உள்ளேயிருந்து சக்கர நாற்காலியை விறுவிறுவென்று உருட்டிக்கொண்டு வந்தாள் கம்சா. மாதிரியைப் பறித்துத் தன் மடியில் வைத்தாள். இரண்டு விரல்களைக் கால்களாக்கி, அ, ஆ, இ, ஈ என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படியாக ஏறினாள்.

“என்ன வடிவு! அக்கா, அண்ணையின்ர சாத்திரப் பைத்தியத்தை நீங்கள்தான் தெளிய வைக்கவேணும். ‘எனக்காக எண்டு கட்டடத்தை மாத்தினா நான் வேலையை விட்டிட்டுப் போயிடுவன், பின்பக்கத்தால ஒரு சரிவு விட்டாப் போதும்’ எண்டு முதலே சொல்லிப்போட்டன். அவரும் ஓம் எண்டவர். பிறகு பார்த்தா சாத்திரியாராம்!”

நிசாந்தினி மாதிரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். விதிக்காக அவள் வைத்த சரிவு, ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சுஜிதன் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றான்.

“ஆர் அந்தச் சாத்திரியார்?” என்று கேட்டாள் நிசாந்தினி.

“அவர்... கண்டாவளையில... ஒராள்...” அவனுக்கு வியர்த்தது. சொல்லிவிடாதேங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

நிசாந்தினி கதிரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். பென்சில் தானாக ஓடத் தொடங்கியது. ரோட்டிலிருந்து கதவு வரைக்கும், குளக்கட்டில் சைக்கிள் உருட்டி ஏறுவதுபோல், முழு அகலத்துக்கும் ஒரே சரிவு. எல்லாருக்கும் அதுதான் வழி. அதன் மேல் அ முதல் ஔ வரை பெரிய பெரிய எழுத்து. படிக்கப் படிக்க மேலே போகலாம். ஐயோ, இது முந்தியதைவிட நல்லாயிருக்கே!

கம்சா எட்டிப் பார்த்தாள். “அக்கா! படி எங்க? நீங்களுமோ?”

நிசாந்தினி தலை நிமிராமல் சொன்னாள்:

“நானும் வடிவா விசாரிச்சனான், கம்சா. சாத்திரியார் சொன்னது சரி. அந்தக் காணிக்குப் படி ஆகாது.”