ராக்கெட் வாங்குவானா?

அம்புக்குறியை ‘வாங்கு’ பட்டன் வரைக்கும் கொண்டுபோய், மறுபடியும் வெளியே இழுத்துவிட்டேன். மத்தியானத்திலிருந்து இதே வேலை.

“டேய் ராக்கெட், இன்னுமாடா யோசிக்கிற? வீடா வாங்கச் சொன்னோம்? ஒரு புது கேம்தானே!” ஹெட்போனில் பீரங்கி கத்தினான்.

அவன் வணக்கம் சொன்னாலே காது அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பேர்.

டாக்டர் சிரித்தான். நிஜ டாக்டர் இல்லை. செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றுகிறவன். விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவதால் டாக்டர்.

மூன்று பேரும் ஒரே டீம். ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூடக் கிடையாது. கேமைத் திறந்தால் இருப்பார்கள், மூடினால் இல்லை.

நான் டைப் செய்தேன். ‘முதல் நாள் சர்வர் படுத்துக்கும். ரிவ்யூ வரட்டும்.’

சும்மா சொல்லவில்லை. போன வருஷம் ட்ரெய்லரைப் பார்த்து வாயைப் பிளந்து பீரங்கி முன்பதிவு செய்த கேமில் குதிரைகள் ஆகாயத்தில் நடந்தன. கதவைத் திறந்தால் கதவோடு சுவரும் வந்தது. ஒரு மாசம் புலம்பினான்.

ஆனால் இது அப்படி இருக்காது. ட்ரெய்லர் எனக்கு மனப்பாடம். தகரக் கூரையில் மழை விழும்போது எதிரியின் காலடிச் சத்தம் கேட்காதாம். மழைக்காகக் காத்திருந்து ஓட வேண்டுமாம். அந்த ஒரு விஷயத்துக்காகவே வாங்கலாம்.

இப்போது ஆடுகிற பழைய கேமில் ஆளும் குறைந்துவிட்டது. ஒரு ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்வதற்குள் டீ ஆறிப்போகிறது. புதுசு வந்துவிட்டால் இங்கே ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அதோடு பேர் விஷயம். முன்பதிவு செய்கிறவர்கள் இன்றைக்குள் தங்கள் பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு பேர் ஒரு ஆளுக்குத்தான். ராக்கெட் மாதிரிப் பேரெல்லாம் கேம் வெளிவந்த நிமிஷமே காணாமல் போய்விடும்.

வேறு எவனோ ஒருத்தன் ராக்கெட் என்று ஓடுவதை என்னால் பார்க்க முடியாது.

எல்லாம் சரி. ஒன்றுதான் இடிக்கிறது. புது கேமில் டைப் செய்ய இடமே இல்லை. பேச்சு மட்டும்தான்.

மைக் ரிப்பேர் என்று சொல்லி இத்தனை மாசம் ஓட்டியாயிற்று.

வாங்கினால் வாயைத் திறக்க வேண்டும். வாங்காவிட்டால் பேர் போகும், கூடவே இவர்களும் போவார்கள்.

“முன்னெல்லாம் ராக்கெட் வாயை மூட வைக்கத் தனியா ஒரு பட்டன் வேணும்,” என்றான் பீரங்கி. “இப்ப ஒரு மைக் வாங்க மாட்டேங்கிறான். கேம் வாங்குவானாக்கும்.”

“விடுடா. யோசிக்கட்டும். அதுக்குள்ள ஒரு ரவுண்டு போலாம்,” என்றான் டாக்டர்.

போனோம். பாழடைந்த தொழிற்சாலை. கடைசியில் நாங்கள் மூன்று பேர், எதிரில் இரண்டு பேர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பீரங்கிக்கு அடிபட்டது. தரையில் கிடந்தான்.

“என்னை விட்டுட்டு ஓடு. ஜெயிச்சுடலாம்.”

நான் ஓடவில்லை. திரும்பிப் போய்ப் பக்கத்தில் முட்டி போட்டு, அவனைத் தூக்கிவிட ஆரம்பித்தேன். அதற்குச் சில நொடி அசையாமல் இருக்க வேண்டும். அந்தச் சில நொடியில் எங்கள் இரண்டு பேரையும் சுட்டுவிட்டார்கள். அடுத்து டாக்டரும் போனான்.

தோற்றுவிட்டோம். திட்டுவான் என்று காதிலிருந்து ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

பீரங்கி கத்தவில்லை.

டாக்டர்தான் பேசினான். “அவன் ஒருநாளும் யாரையும் தூக்கிவிட நின்னதில்லம்மா.”

என் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

“நீ அவன் தங்கச்சிதானே? ஒரு ரவுண்டு குடுன்னு கதவைத் தட்டிக்கிட்டே இருப்பியாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முதல் வாரமே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டா நீயும் வராம போயிடுவியோன்னுதான் கேட்கல.”



ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனோடு திரும்பி வருவோம் என்றுதான் போனோம். ஒரு பையில் அவனுடைய சட்டையும் செருப்பும் இந்த ஹெட்போனும் மட்டும் வீட்டுக்கு வந்தன. அன்றைக்குச் சாயங்காலம் ஹெட்போனை மாட்டி கேமைத் திறந்தேன். ‘டேய் ராக்கெட், எங்கடா போய்த் தொலைஞ்ச?’ என்று ஒருத்தன் கத்தினான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ‘வந்துட்டேன்’ என்று டைப் செய்தேன்.

“நாலு பேருக்கும் சேர்த்து வாங்கியாச்சு,” என்றான் டாக்டர். “ராக்கெட்ங்கிற பேரை அவனுக்குப் பிடிச்சு வெச்சுட்டோம். உனக்கு என்ன பேர் போடணும்னு சொல்லு, அது போதும்.”

பீரங்கி தொண்டையைச் செருமினான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“கடைசியா ஆடினப்ப தோத்துட்டோம்னு அவனைக் கண்டபடி திட்டிட்டேன்மா. அதான் வரமாட்டேங்கிறான், எனக்குத் தெரியும். பக்கத்துல இருந்தா ஹெட்போனை அவன்கிட்ட குடேன். நான் ஒரு வார்த்தை சாரி சொல்லிக்கிறேன்.”

மைக் பட்டனை அழுத்தினேன். சிவப்பு பச்சையாக மாறியது.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணன் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.